பேர் சொல்லாதது

அன்று மாலை ஆறே முக்கால் மணிக்கு, கூடூர் பாசஞ்சர் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ஊதல் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மகள் கோமளா, "நைனா, என் ஒதடு எங்க போச்சி?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பத்து வயதுப் பெண் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்து, "இங்கதான் இருக்குது. ஆனா இல்ல" என்றாள். பிறகு நாக்கில் எறும்பு ஊர்கிறது என்றாள். பிறகு விரல் நுனியிலும் எறும்பு. அடுத்த கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவள் கை ஐப்பசி மழையில் நனைந்த கல்லைப்போலச் சில்லிட்டிருந்தது.

இப்போது அவள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். இதை எழுதும் இந்த நேரத்தில் வெளியே யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், குரல் கேட்கிறது. ஆனாலும் பாசஞ்சர் ஊதினால் இன்னமும் நான் அவள் உதட்டைத்தான் பார்க்கிறேன். அஞ்சறைப்பெட்டி இல்லாத வீடு நம் பக்கத்தில் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் போர்டு ஸ்கூல் வாத்தியார். வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகப் பள்ளிப்பட்டில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கோமளாவையும் என்னையும் பார்த்துக்கொண்டது என் அக்கா தெய்வானை. புருஷன் போனபின் எங்களோடு வந்து இருந்தவள். சமையல் அவளுடையது, மருந்தும் அவளுடையது. அவளுக்கு இரண்டும் வேறு வேறு வேலை அல்ல. ரசத்துக்கு மிளகு தட்டும்போதே யார் தும்மினார்கள் என்று கேட்டு இரண்டு மிளகு கூடப் போடுவாள். சோறு செரிக்கவில்லை என்றால் ஓமத்தை வறுத்து மோரில் போடுவாள். கோடையில் வெந்தயம், மழையில் சுக்கு, பல்வலிக்குக் கிராம்பு, பிள்ளைகள் வயிற்று உப்புசத்துக்குத் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளில் பாதிக்குமேல் அவள் உரைகல்லில் இழைத்த மருந்தை நக்கி வளர்ந்தவர்கள்.

அன்று கோமளா பச்சைக் கொய்யாக்காயைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வாயு. ஒரு இழைப்பு இழைச்சிக் குடுத்தா ஓடிப்பூடும்" என்றாள் அக்கா. வீட்டிலிருந்த வசம்பு மழை ஈரத்தில் பூசணம் பூத்துப்போயிருந்தது. விளக்கு வைத்தாகிவிட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சளியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தெருமுனைச் சாயபு கடைக்கு அவளே போனாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வசம்புக்கு விளக்கு வைத்தபின் எங்கள் பக்கத்தில் பெயர் கிடையாது. பெயரைச் சொன்னால் மருந்து பலிக்காது, குழந்தைக்கு ஆகாது என்பார்கள். 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்க வேண்டும். கடைக்காரரும் வாய் திறக்காமல் எடுத்துக் கொடுப்பார். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

அக்கா கொண்டுவந்த துண்டை விளக்குச் சுடரில் காட்டினாள். அது கரியாகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டாள். கல்லில் இழைத்து, தேனில் குழைத்து, கோமளாவின் நாக்கில் தடவினாள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கோமளா, "கசக்குதத்தே" என்றாள். "மருந்துன்னா கசக்காம பாயசமாட்டம் இருக்குமா?" என்றாள் அக்கா. பிறகுதான் பாசஞ்சர் ஊதியது.

அரிசி மில் லாரி ஒன்று ஜி.என்.டி. ரோட்டில் உமி மூட்டையோடு நின்றிருந்தது. டிரைவர் என்னிடம் படித்தவனின் அண்ணன். எதையும் கேட்கவில்லை. "ஏறு வாத்தியாரே. கொயந்தைய மடியில போட்டுக்கினு கெட்டியா குந்து" என்றான். அக்கா பின்னால் மூட்டைமேல் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் கோமளாவுக்கு நினைவு தவறவே இல்லை. அதுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. உடம்பு துணிபோலத் துவண்டு கிடந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. "நைனா, லாரி ஓட்றவரு அடிக்கிற ஹாரன் வாத்து மாதிரி கத்துது" என்று தெளிவாகச் சொன்னாள். பேசும் வாய் இருப்பதே தெரியவில்லை என்றும் சொன்னாள்.

தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வயதானவர். பட்டணத்தில் படித்துவிட்டு ஊர் ஊராக மாற்றலாகி வந்தவர். கோமளாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"நாடி ரெண்டு அடி அடிக்குது, ஒண்ணு விட்டுடுது. இன்னாம்மா குடுத்தீங்க?"

"பேர் சொல்லாததுதாங்க" என்றாள் அக்கா.

"அதத்தான் கேக்கறேன். பேரு இன்னா?"

"வெளக்கு வச்சிட்டாங்களே, ஐயா."

"இது ஆஸ்பத்திரிம்மா! இங்க வெளக்கு வச்சா நாங்க ஊட்டுக்குப் போவோம்னு நெனச்சிக்கினியா? பேரச் சொல்லு!"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான்தான், "வசம்பு, சார்" என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். "வசம்பா? நானே அத நாக்குல தடவிக்கினு வளந்தவன்தான், மாஸ்டர். அதிகமாப் போனா வாந்தி வரும். இருதயத்த இப்படிப் புடிச்சி நிறுத்தாது. இது வேற எதுவோ."

அவர் காத்திருக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடையிலிருந்து இருக்கிற தேயிலை முழுவதையும் போட்டுக் கொதிக்கவைத்து, பாலில்லாமல் கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பினார். டீக்கடைக்காரர் குண்டானோடு ஓடிவந்து, மூச்சிரைக்க, "சர்க்கரை போடணுங்களா?" என்றார். அந்த நிலையிலும் நர்ஸ் அம்மா சிரித்துவிட்டார்.

தேயிலையில் இருக்கும் துவர்ப்பு செடி விஷங்கள் பலவற்றைப் பிடித்துக் கட்டிப்போடும், அப்புறம் அது ரத்தத்தில் கலக்காது என்று டாக்டர் பின்னால் விளக்கினார். அப்போது நான் பார்த்தது இதைத்தான்: ஆறவைத்த அந்தக் கறுப்பு நீரை, தொண்டை வழியாக இறக்கிய ரப்பர்க் குழாயில் ஒரு புனல் வைத்து ஊற்றினார்கள். பிறகு புனலைத் தரைப்பக்கம் தாழ்த்தினார்கள். இரைப்பையில் இருந்தது வடிந்து பேசினில் விழுந்தது. மறுபடி ஊற்றினார்கள். வயிறு கழுவுதல் என்பது இவ்வளவுதான். என் மகளின் கண் முழு நேரமும் என்மேல் இருந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கழுவி முடித்தும் நாடி ஏறவில்லை. டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடி மருந்துக்குப்பியை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இதப் போடலாம்னுதான் தோணுது. ஆனா உள்ள போனது இன்னான்னு தெரியாம போட்டுட்டு, அப்புறம் திருப்பி எடுக்க முடியாது" என்றார். கோமளாவிடமல்ல, என்னிடமுமல்ல, அந்தக் குப்பியிடம் சொன்னதுபோல இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம். சாயபு வந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் பலசரக்கும் நாட்டு மருந்தும் விற்பவர். கனத்த உடம்பு. தலைக்குல்லாய் இல்லை, செருப்பு இல்லை, மார்போடு ஒரு தகர டப்பாவை அணைத்திருந்தார். பின்னால் அவருடைய மருமகன், முகம் வெளிறி. ஸ்டேஷன் மாஸ்டர் காலைப் பிடித்துக் கெஞ்சி, கூட்ஸ் வண்டியின் கார்டு பெட்டியில் ஏறி வந்திருக்கிறார்கள்.

"டாக்டர் சார், கொயந்தை இருக்குதா?" என்றார் சாயபு. இருக்கிறாள் என்று தெரிந்ததும் டப்பாவை மேஜைமேல் வைத்தார். "பேர நான் சொல்றேன். வசநாபி."

டாக்டர் குப்பியை உடைத்தார்.

என்ன நடந்தது என்பதை அதன்பிறகு வராந்தாவில் சாயபு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வசநாபி என்பது மலையிலிருந்து வரும் ஒரு கிழங்கு. கொடிய விஷம். வைத்தியர்கள் அதை வேகவைத்துச் சுத்தி செய்து, வாதத்துக்கும் காய்ச்சலுக்கும் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். அவர்களுக்காகச் சாயபு அதைத் தனி டப்பாவில் வைத்திருந்தார். மருமகன் நெல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை, கடைக்கு வந்து கொஞ்ச காலம்தான், தமிழ் அரைகுறை. சாயபு அவனிடம் அந்த டப்பாவைக் காட்டி, "இதும் பேர யாருகிட்டயும் சொல்லாதே. தெரிஞ்சவங்க கேட்டாத்தான் எடுக்கணும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

அன்று சாயபு மாலைத் தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா வந்து நின்று, "பேர் சொல்லாதது குடுப்பா" என்றிருக்கிறாள்.

"நெல்லூர்ல நாங்க வசம்ப ராத்திரியும் 'வச'ன்னுதான் சொல்வோம், சார்" என்றான் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே. "மாமா இந்த டப்பாவத்தான் பேர் சொல்லாதன்னு சொன்னாரு. பெரியம்மா தெரிஞ்சவங்கன்னு நெனச்சி..."

எங்கள் வழக்கப்படி கடையில் அதற்குமேல் யாரும் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. அக்கா வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வசம்பாக இருந்தால் மடி மணந்திருக்கும். அக்காவின் மூக்கு அடைத்திருந்தது. கிடைத்தது உடைந்த துண்டு, உருவத்தை வைத்தும் கண்டுகொள்ள முடியாது. விளக்குச் சுடரில் கரியானபின் இரண்டும் ஒரே கறுப்பு. கோமளாவை லாரியில் தூக்கிப் போன சேதி கடைக்கு வந்ததும், அக்கா வாங்கியது எது என்று சாயபு கேட்டிருக்கிறார்; மருமகன் இந்த டப்பாவைக் காட்டியிருக்கிறான்.

தூணோரம் நின்றிருந்த அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சாயபு, "நீ இன்னா பண்ணுவ, தங்கச்சி, என் கடை என் தப்பு" என்றார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

ஊசி போட்டபின் கோமளாவின் கண்மணி பெரிதாகிக்கொண்டே வந்தது. வாய் வறண்டது. கன்னம் சிவந்தது. நான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டேன். "அது மருந்தோட வேலை" என்றார். அவர் விரல் இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது. "இதும் ஒரு விஷச் செடிதான், மாஸ்டர். நம்ம ஊமத்தங்கா இருக்குதே, அதோட ஒறவுக்காரச் செடியிலேர்ந்து எடுக்கறது. அந்தக் கெழங்கு இருதயத்த அமுக்குது, இது தூக்குது. சும்மா இருந்தவளுக்கு இதப் போட்டா இதுவே பேஜாரு பண்ணிடும்."

நான் கோமளாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செடியின் வேர் அவளைக் கீழே இழுக்கிறது. எங்கேயோ வேறு தேசத்தில் முளைத்த இன்னொரு செடி அவளை மேலே தூக்குகிறது. நடுவில் அந்தச் சின்ன நெஞ்சு. எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டு முடித்திருந்தேன். இப்போது எந்தச் செடியைக் கூப்பிடுவது?

நாடி ஏறியது. டாக்டர் கையை எடுத்துவிட்டு முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார். "எப்படி இழைச்சிக் குடுத்தாங்க? பச்சையாவா?" என்று கேட்டார்.

"இல்லை சார். சுட்டு இழைத்தார்கள். கரியாகும்வரை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சூடு இந்த விஷத்த முறிக்கும். முழுசா இல்ல, முக்காவாசி. உங்க அக்கா அத அவ்ளோ நேரம் சுடாம இருந்திருந்தா நீங்க லாரி ஏறியிருக்கவே மாட்டீங்க."

நான் வராந்தாவுக்கு ஓடினேன். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும். அவள் அங்கே இல்லை. லாரி திரும்பியபோது அதிலேயே போய்விட்டிருந்தாள்.

இருதயம் மறுபடி தடுமாறாது என்று நிச்சயமாகும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். கோமளா எழுந்து உட்காரக் கூடாது. நடக்கக் கூடாது. நாடி பார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. சில வேளைகளில் ஒரு அடி தவறும், நர்ஸ் அம்மாவின் புருவம் நெரியும், என் உயிர் போய்வரும். போலீஸ் ஏட்டு வந்து கேட்டார். தவறுதலாக நேர்ந்தது என்று எல்லோரும் ஒரே சொல்லாகச் சொன்னோம். பள்ளிப்பட்டுக்கு நான் எதுவும் எழுதவில்லை. மாசமாக இருப்பவளிடம் எதைச் சொல்வது?

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாட்டின்மேல் ஒரு பயம் வந்தது. சாயபு வீட்டிலிருந்து தினமும் கஞ்சி வந்தது. பூண்டு, வெந்தயம், கொஞ்சம் சீரகம், பட்டைத் துண்டு ஒன்று மிதக்கும். அதைக் கோமளாவுக்குக் கொடுக்குமுன் நான் ஒரு கரண்டி குடித்துவிட்டு, என் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைக் கொண்டுவருபவன் அந்த மருமகன்தான். அவன் அதைப் பார்ப்பான். ஒருநாள் அவனே கிண்ணத்தை வாங்கி, எனக்கு முன்பாக ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நாஷ்டா ஆறிப்போது, சார்" என்றான். அதன்பிறகு நான் சோதிக்கவில்லை.

டாக்டருக்கு என் பயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் காலை, "வாங்க மாஸ்டர், ஒண்ணு காட்றேன்" என்று மருந்து கலக்கும் அறைக்கு அழைத்துப் போனார். பெரிய அலமாரியைத் திறந்தார். திறந்ததும் நான் ஒரு அடி பின்வாங்கினேன். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியின் வாசனை!

அவர் ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். இஞ்சிச் சாறு சாராயத்தில் ஊறியது. ஏலக்காய் ஊறியது. சோம்புத் தண்ணீர். பட்டைத் தண்ணீர். கிராம்பெண்ணெய். பேதிக்கு நிலாவரை இலை. வயிற்றுவலி என்று வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் சிவப்பு மிக்ஸ்சரில் பாதி இந்தச் சாமான்தான். "ஜனங்க இங்கிலீஷ் மருந்துன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் குடிச்சிட்டுப் போறாங்க" என்று சிரித்தார். மேல்தட்டில் பூட்டுப் போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குள் எட்டிக்கொட்டை, அபின், அந்த ஊமத்தை வகையறா. "இதும் அதும் ஒரே அலமாரிதான். நடுவுல இந்தப் பூட்டும், பாட்டில்மேல ஒட்டின பேரும். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

ஜாதிக்காயைப் பற்றியும் அவரே சொன்னார். துளி இழைத்தால் குழந்தை தூங்கும். முழுக்காயைத் தின்றால் பெரியவனே பிதற்றுவான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்! ரசத்தை வாயில் வைத்து உப்பில்லை என்று சொல்லியிருக்கிறேனே தவிர, அந்தக் கிண்ணத்தில் எத்தனை மலையும் காடும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு கரைந்திருக்கின்றன என்று நினைத்ததில்லை. அவற்றை ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல் என் அக்கா கண்பார்வை மங்கிய நிலையிலும் விரல் நுனியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அளந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த அக்கா வரவில்லை. கோமளா தினமும் கேட்டாள். "அத்தைக்கு எம்மேல கோவமா, நைனா? கொய்யாக்கா தின்னதுக்கா?" லாரி டிரைவர் உமி ஏற்றிப் போகும்போதெல்லாம் எட்டிப்பார்த்துச் சேதி சொன்னான். சேதி நன்றாக இல்லை. அக்கா அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்தால் ஒரு வாய் சாப்பிடுகிறாள். உரைகல்லை ஏரியில் போட்டுவிட்டாள். யாரோ குழந்தைக்கு மருந்து கேட்டு வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சுட்டதால்தான் பிள்ளை பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாயா?" என்றேன்.

"சொன்னேன் வாத்தியாரே. கேட்டுக்கினு செவுத்தப் பாத்துக்கினு இருக்குது. 'குடுத்ததும் நாந்தானே'ன்னுச்சி."

கோமளா உட்கார ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள். நாடி ஒரு நாள் முழுக்க ஒரு அடியும் தவறாமல் ஓடியது. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் பள்ளிப்பட்டிலிருந்து சேதி வந்தது: ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எங்களுக்கு வந்த சேதியை லாரி டிரைவர் முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் கொண்டுவந்தான்.

எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டவள் இனி அந்தப் பச்சைக் குழந்தையைத் தொடுவாளா? அவள் கை இல்லாமல் எங்கள் வீட்டில் பிள்ளை வளர்வது எப்படி?

சாயங்காலம் ஆயா வந்து வார்டில் விளக்கேற்றினாள். மழை விட்டிருந்தது. படுக்கைகளில் இருந்தவர்கள் விளக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நிமிர்ந்தபோது வாசலில் அக்கா நின்றிருந்தாள். பாதியாக இளைத்துவிட்டிருந்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள். மற்றக் கை மூடியிருந்தது.

"அத்தே!" என்று கோமளா கத்தினாள்.

அக்கா மெதுவாக வந்தாள். கோமளாவைத் தொடவில்லை. என்னிடம் வந்து, கையைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாருடா" என்றாள். நான் முகர்ந்தேன். அந்தக் காரமான மணம் தலைக்கேறியது. நர்ஸ் அம்மாவிடம் போனாள். "நீயும் பாரும்மா." அவரும் முகர்ந்து தலையாட்டினார். கடைசியாகக் கோமளாவிடம் வந்து குனிந்தாள். கணுக்கணுவான துண்டுகள் கறுப்பு நூலில் கோத்திருந்தன. கைக்குழந்தையின் மணிக்கட்டு அளவுக்கு ஒரு சின்ன வளையம்.

"தம்பிப் பாப்பாவுக்கா? இன்னாத்தே இது?" என்றாள் கோமளா.

அக்கா எரிந்துகொண்டிருந்த விளக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் மகளின் கன்னத்தைத் தொட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வசம்பு."